கைப்பேசிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

மாதம் பிறந்து இருபது நாட்கள் கழிந்ததும் நம் வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி எழும். "வாங்கின சம்பளம் எங்கேதான் போச்சு?" கேட்பவர் அம்மாவாக இருந்தால் அப்பா கைப்பேசியில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். கேட்பவர் அப்பாவாக இருந்தால் அடுக்களையில் பாத்திரச் சத்தம் சற்றுப் பலமாகக் கேட்கும். நீங்களோ பாடப்புத்தகத்தில் ஆழ்ந்திருப்பதுபோல் பாவனை செய்வீர்கள்.

மாணவ நண்பர்களே! அந்தக் கேள்வியைச் சண்டையின் தொடக்கமாகக் கொள்ளாமல், ஓர் அறிவியல் வினாவாக எடுத்துக்கொண்டு பார்ப்போமே. ஒரு பொருள் இருந்தது, இப்போது இல்லை. அது எங்கே போயிற்று? வேதியியலும் இயற்பியலும் வளர்ந்ததே இத்தகைய கேள்விகளால்தான்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதாகக் கூறிக்கொண்டு இன்று பல வரவு செலவுச் செயலிகள் வந்துள்ளன. கைப்பேசியில் நிறுவிக்கொண்டால், வீட்டுக்கு வந்த பணம், வீட்டை விட்டுச் சென்ற பணம், மளிகைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று வட்டப்படம் போட்டுக் காட்டும். முற்காலத்தில் பண்ணைகளிலும் மண்டிகளிலும் கணக்குப்பிள்ளை செய்த வேலையை இது செய்கிறது. எந்தச் செயலி சிறந்தது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. என் பார்வையில் இது ஓர் அளவுகருவி. வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் போல இதற்கும் ஒரு மீச்சிற்றளவு உண்டு, சுழிப்பிழை உண்டு. அவற்றை அறியாமல் அளவீடு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வீட்டின் கதையையே பின்னால் சொல்கிறேன்.

தொட்டியும் குழாயும்

உங்கள் வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். காலையில் அதில் 500 லிட்டர் இருந்தது. மோட்டார் போட்டு 300 லிட்டர் ஏற்றினீர்கள். மாலையில் 350 லிட்டர் இருக்கிறது. அப்படியானால் 450 லிட்டர் வெளியேறியிருக்க வேண்டும். குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாவற்றையும் அளந்து கூட்டியபோது 400 லிட்டர்தான் வந்தது என்றால், எங்கோ 50 லிட்டர் ஒழுகுகிறது. குழாயைப் பார்க்காமலேயே இதைச் சொல்லிவிடலாம்.

பணமும் இவ்வாறே. மாதத் தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டி, மாத இறுதி இருப்பைக் கழித்தால் வருவது செலவு. நீங்கள் எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் இந்தச் சமன்பாடு பொய்க்காது. கறையான் அரித்த நோட்டும், பேருந்தில் தவறவிட்ட பத்து ரூபாயும்கூட இதில் அடங்கிவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் நிறை அழியா விதியைப் படித்திருப்பீர்கள். அந்த விதியை வேதியியலின் அடித்தளமாக்கிய பிரெஞ்சு அறிஞர் லவாசியர், பிழைப்புக்காகச் செய்த தொழில் என்ன தெரியுமா? அரசுக்காக வரி வசூலித்த தனியார் நிறுவனம் ஒன்றில் 1768இல் பங்குதாரராகச் சேர்ந்தார். வரவையும் செலவையும் ஈடுகட்டிப் பார்ப்பது அவருக்கு அன்றாட வேலை. மூடிய கலனில் பொருள்களை எரித்து, எரிக்குமுன்னும் எரித்தபின்னும் தராசில் நிறுத்துப் பார்த்து, இரண்டும் சமமாக இருந்தாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதில் அந்தக் கணக்கரின் பழக்கமும் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1789இல் அவருடைய வேதியியல் நூல் வெளிவந்தது. வரி வசூலித்த குற்றத்துக்காகப் பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794இல், அவர் தலை துண்டிக்கப்பட்டது தனிக்கதை.

கணக்கர்களின் பக்கமும் ஒரு முன்னோடி உண்டு. லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியக் கணித ஆசிரியர், ஒவ்வொரு தொகையையும் ஒரு பக்கம் பற்றாகவும் மறுபக்கம் வரவாகவும் இருமுறை பதியும் முறையை 1494இல் வெனிசில் அச்சான தம் நூலில் விளக்கினார். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் முன்பே கையாண்டதை எழுதி வைத்தார். இரு பக்கமும் சமமாகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று அந்த ஏடே காட்டிக்கொடுத்துவிடும்.

செயலிக்கு எப்படித் தெரிகிறது?

நீங்கள் ஒன்றும் எழுதாமலே சில செயலிகள் கணக்குப் போடுகின்றனவே, அது எவ்வாறு? மந்திரம் ஒன்றுமில்லை. பணம் எடுக்கப்பட்டதும் வங்கி ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நீங்கள் இசைவு தந்தால் செயலி அக்குறுஞ்செய்திகளைப் படிக்கும். ரூபாயைக் குறிக்கும் எழுத்துக்குப் பின்னால் வரும் எண் தொகை. பற்று அல்லது வரவு என்னும் சொல் அதன் திசை. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் இடம். இப்படி வார்ப்புருவை ஒப்பிட்டுப் பிரித்தெடுக்கிறது. ஐபோனில் பிற செயலிகள் குறுஞ்செய்திகளைப் படிக்க வழியில்லை. ஆகவே அங்கே வேறு முறைகள் தேவைப்படுகின்றன.

பிறகு வகை பிரித்தல். அட்டையைத் தேய்த்துப் பணம் செலுத்தினால், கடையின் தொழிலைக் குறிக்க நான்கு இலக்க எண் ஒன்று உலக அளவில் வழங்குகிறது. 5411 என்றால் மளிகை, 5912 என்றால் மருந்துக்கடை. பெரிய கடைகளில் இதனால் வகை பிரிப்பது எளிது. ஆனால் தெருமுனையில் கீரை விற்கும் அம்மாளின் தள்ளுவண்டியில் ஒட்டியிருக்கும் கட்டச் சதுரப் படத்தைப் படமெடுத்து 40 ரூபாய் அனுப்பினால், கைப்பேசியில் தெரிவது அவருடைய பெயர் மட்டுமே. பெரும்பாலும் அவர் மகனுடைய பெயராகவும் இருக்கும். கீரை வாங்கியதா, கைமாற்று கொடுத்ததா என்று செயலி எப்படி அறியும்? அறியாது. ஊகிக்கும்.

இனி மீச்சிற்றளவுக்கு வருவோம். ஒரு வெர்னியர் அளவியால் 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை அளக்க முடியாது என்று படித்தோம் அல்லவா? குறுஞ்செய்தியை நம்பும் செயலிக்கும் அப்படியோர் எல்லை உண்டு. நாட்டின் பெரிய தனியார் வங்கி ஒன்று 2024 ஜூன் முதல் 100 ரூபாய்க்குக் குறைந்த யு.பி.ஐ. செலவுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்தியது. 2022 செப்டம்பரில் வந்த யு.பி.ஐ. லைட் முறையில், சிறு தொகைகள் கைப்பேசியில் முன்கூட்டியே நிரப்பி வைத்த பையிலிருந்து போகின்றன. நிரப்பியது மட்டும் வங்கி ஏட்டில் ஏறும். ஒவ்வொரு டீயும் ஏறாது. சிறு செலவுகளைக் கண்டுபிடிக்கத்தான் கருவி வாங்கினோம். அது சிறு செலவுகளிடம்தான் கண்ணை மூடுகிறது!

ஒரு வீட்டின் ஆகஸ்ட் மாதம்

என் வகுப்பு மாணவி ஒருவர் ஒருநாள் மாலையில் ஆய்வகத்துக்கு வந்து கைப்பேசியை நீட்டினார். "சார், எங்க வீட்ல மாசம் அஞ்சாயிரம் துண்டு விழுதுன்னு இந்தச் செயலி சொல்லுது. அப்பா செயலி பொய் சொல்லுதுங்கறார். அம்மா அப்பாதான் பொய் சொல்றார்ங்கறாங்க." கல்லூரிக் கட்டணத்துக்குத் தவணை கேட்க வந்தவர் அவர். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போவதாகவும் சொன்னார். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன். எண்களை வசதிக்காகச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

அப்பாவின் சம்பளம் 38,000 ரூபாய். செயலி இருந்தது அவருடைய கைப்பேசியில். அது காட்டிய செலவு 43,000. அதாவது 5,000 ரூபாய் பற்றாக்குறை. "முதலில் தொட்டியில் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டேன். மறுநாள் வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்தார். ஆகஸ்ட் முதல் தேதி அப்பாவின் வங்கிக் கணக்கில் 14,000, அம்மாவின் கணக்கில் 5,000, வீட்டில் ரொக்கமாக 2,000, மொத்தம் 21,000. மாதக் கடைசியில் அப்பாவின் கணக்கில் 9,000, அம்மாவின் கணக்கில் 7,500, ரொக்கம் 1,500, மொத்தம் 18,000.

இப்போது சமன்பாட்டில் இடுங்கள். 21,000 உடன் 38,000 கூட்டினால் 59,000. அதில் 18,000 போனால் 41,000. உண்மையான செலவு அதுதான். பற்றாக்குறை 3,000, செயலி சொன்ன 5,000 அன்று.

செயலி எங்கே தவறியது? அப்பா தம் கணக்கிலிருந்து நேராகச் செலுத்தியவை, வாடகை உட்பட, 30,000. ஏ.டி.எம்.மில் எடுத்தது 8,000. அம்மாவின் கணக்குக்கு அனுப்பியது 5,000. மூன்றையும் கூட்டிச் செலவு 43,000 என்றது. அம்மாவுக்குக் கொடுத்தது வீட்டுக்குச் செலவாகுமா? வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றியது செலவாகுமா? இயற்பியலில் ஒரு கணக்கைத் தொடங்குமுன் 'அமைப்பு' எது, அதன் எல்லை எது என்று வரையறுப்போம். செயலி அப்பாவை அமைப்பாகக் கொண்டது. மாணவி கேட்டதோ வீட்டைப் பற்றி. எல்லை மாறினால் விடை மாறும். கடன் அட்டை வைத்திருப்பவர்கள் வீட்டிலும் இதே பிழை வேறு வேடத்தில் வரும்: பொருள் வாங்கியபோது ஒருமுறை, அட்டைக்கான தொகையைக் கட்டும்போது இன்னொருமுறை என்று ஒரே செலவு இரண்டாகப் பதிவாகும்.

மறுபக்கம் செயலி காணாதவையும் இருந்தன. அம்மா தம் கைப்பேசியிலிருந்து செலவழித்த 2,500 அதற்குத் தெரியாது. ரொக்கமாக எடுத்த 8,000 என்னவாயிற்று என்பதும் தெரியாது. உண்மையில் ரொக்கச் செலவு 8,500; பழைய கையிருப்பிலிருந்தும் 500 கரைந்திருந்தது. ஆக 30,000, 2,500, 8,500 சேர்ந்து 41,000. கணக்கு நேராயிற்று. செயலி பொய் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

காணாமற்போன 1,900

ரொக்கச் செலவு 8,500இல் பால், காய்கறி, பேருந்து, இஸ்திரி என்று வீட்டில் எல்லோரும் நினைவுபடுத்திச் சொன்னவற்றைக் கூட்டினால் 6,600தான் வந்தது. மிச்சம் 1,900 எங்கே?

இங்கே எனக்கு நினைவுக்கு வருவது இயற்பியல் வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற 'துண்டு'. சில அணுக்கருக்கள் சிதையும்போது எலக்ட்ரானை வெளிவிடும். பீட்டாச் சிதைவு என்போம். சிதைவுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆற்றலைக் கணக்கிட்டால், எலக்ட்ரான் எப்போதும் ஒரே அளவு ஆற்றலுடன் வெளிவர வேண்டும். 1914இல் சாட்விக் அளந்தபோது அவ்வாறில்லை. ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் வந்தன. கொஞ்சம் ஆற்றல் ஒவ்வொரு முறையும் காணாமற்போயிற்று. ஆற்றல் அழியா விதியே இங்கு பொருந்தாது போலும் என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும் கருதினார். பௌலி என்ற இளைஞர் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. நம் கண்ணில் படாத ஒரு துகள் அந்த ஆற்றலை எடுத்துச் செல்கிறது என்று 1930 டிசம்பரில் ஒரு கடிதத்தில் எழுதினார். மின்னூட்டம் இல்லாத, எதிலும் எளிதில் மோதாத அத்துகளுக்கு நியூட்ரினோ என்று பெயர் வந்தது. அதை ரைன்ஸ், கோவன் என்ற இருவர் ஆய்வில் பிடித்துக் காட்டியது 1956இல். இருபத்தாறு ஆண்டுகள், கணக்கில் விழுந்த துண்டு ஒன்றே அத்துகள் இருப்பதற்குச் சான்றாக நின்றது.

நம் 1,900 ரூபாய்க்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. அப்பா வேலைக்குச் செல்லும் 26 நாட்களில் நாளுக்கு 30 ரூபாய் டீ, வடை: 780. உறவினர் வீட்டுத் திருமணத்தில் எழுதிய மொய் 500. பக்கத்து வீட்டுக்கு அவசரத்துக்குக் கொடுத்த கைமாற்று 300. போக மீதி 320.

டீயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உழைக்கிறவர் டீ குடிக்கத்தான் வேண்டும். மொய்யும் கைமாற்றும்தான் சுவையானவை. கைமாற்று செலவே அன்று. திரும்பி வரும்வரை அது நம் தொட்டியின் ஒரு பகுதி, பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சேர்த்துக்கொண்டால் வீட்டின் இறுதி இருப்பு 18,300 ஆகும். மொய் என்ன? நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் எழுதியிருந்தால் இது கடன் தீர்ப்பு. இனிமேல்தான் நம் வீட்டு விசேஷம் என்றால் இது கொடுத்து வைத்தது. புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கங்களில் இதற்கென்றே மொய் விருந்து நடத்தி, நோட்டுப் போட்டு எழுதி, தலைமுறை கடந்தும் கணக்கு வைத்திருப்பார்கள். வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்ட செயலியில் இதற்கு அறை இல்லை. மாணவி 'அன்பளிப்பு' என்று பதிந்திருந்தார். மொய் நோட்டு வைத்திருக்கும் எந்தப் பாட்டியும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

எஞ்சிய 320 ரூபாய்க்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. "இன்னும் தேடட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். 41,000இல் 320 என்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தனி ஊசலை வைத்து புவியீர்ப்பு முடுக்கத்தை ஒரு விழுக்காட்டுப் பிழைக்குள் கண்டுபிடித்து வந்தால் நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஜூன் மாதத்துக் கடன்

இவ்வளவும் ஆகஸ்டில், ஒரு சாதாரண மாதத்தில். பண்டிகை இல்லை, கட்டணம் இல்லை, காப்பீடு இல்லை. அப்படியிருந்தும் 3,000 துண்டு. உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் செலவுகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். இரு பிள்ளைகளின் கல்விக் கட்டணம் 24,000. ஆயுள் காப்பீடு 9,600. தீபாவளி 12,000. பொங்கல் 4,000. வண்டிக் காப்பீடு 1,800. வீட்டார் ஊரிலுள்ள சிறு வீட்டுக்கு இரு தவணையாகக் கட்டும் வரி முதலியவை 2,600. கூட்டினால் 54,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,500.

செயலி மாதத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே ஆகஸ்டில் இந்த 4,500 அதன் கண்ணில் படவே இல்லை. ஆனால் அது ஆகஸ்டிலும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. காசாளர் ஜூனில் வந்து வசூலிக்கிறார். அப்படிப் பார்த்தால் அந்த வீட்டுக்கு மாதம் விழும் துண்டு 3,000 அன்று, 7,500. ஆண்டுக்கு 90,000. நகை அடகுக்கடைக்குப் போவது ஜூனில் என்றாலும், அதற்கான கடன் முந்தைய பதினொரு மாதங்களில் மெல்ல மெல்லச் சேர்ந்தது. மாணவி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அதுவரை ஜூன் மாதம் ஒரு துரதிருஷ்டம்போல் கருதப்பட்டு வந்தது.

மேல்நிலை வகுப்புக்குப் போனதும் மின்திருத்தி என்ற சுற்றைப் படிப்பீர்கள். அலையலையாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சமன்படுத்த, அதில் ஒரு மின்தேக்கியை இணைப்போம். மேடு வரும்போது சேமித்துக்கொள்ளும். பள்ளம் வரும்போது கொடுக்கும். சம்பளம் வந்த அன்றே 4,500ஐ வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவது அந்த மின்தேக்கியின் வேலையைச் செய்கிறது. நல்ல செயலிகளில் இதற்கென்று 'உறை'கள் உண்டு. கல்வி உறை, தீபாவளி உறை என்று பெயரிட்டு மாதந்தோறும் கொஞ்சம் நிரப்பலாம். நம் பாட்டிமார்கள் அஞ்சறைப்பெட்டியிலும் கடுகு டப்பாவிலும் செய்ததுதான் இது.

ஆனால் இல்லாத பணத்தை எந்த உறையில் போடுவது? மாதச் செலவுக்கே 3,000 போதாத வீட்டில் மின்தேக்கி மட்டும் உதவாது. அந்த வீட்டில் நால்வரும் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தார்கள். யாரும் பார்க்காத இரண்டு படக்காட்சிச் சந்தாக்கள் மாதந்தோறும் தாமாகவே 700 ரூபாயை எடுத்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடு 1,200. கைப்பேசித் தவணை 2,200; அது நவம்பரோடு முடிகிறது. மூன்றும் சேர்ந்து 4,100. மிச்சம் 3,400 இன்னும் துண்டாகத்தான் நிற்கிறது. அடுத்த ஜூனில் நகை போகாது என்று நான் சொல்லமாட்டேன். எல்லா நகையும் போகாது.

எழுதுகிற கை

தானாகக் குறித்துக்கொள்ளும் செயலி நல்லதா, நாமே ஒவ்வொன்றையும் பதியும் செயலி நல்லதா? சோம்பலுக்கு முதலாவது உகந்தது. என் ஓட்டு, குறைந்தது முதல் மூன்று மாதங்களுக்கு, இரண்டாவதற்கே.

காரணம் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி 2001இல் வெளியிட்டனர். கூடைப்பந்தாட்ட நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டனர். பாதிப் பேரிடம் ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்றும், மறுபாதியினரிடம் கடன் அட்டையால் செலுத்தலாம் என்றும் கூறினர். அட்டைக்காரர்கள் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு! சீட்டு ஒன்றுதான், ஆட்டம் ஒன்றுதான். பணம் கையை விட்டுப் போகும் வலி குறைந்தால் கை தாராளமாகிவிடுகிறது. அச்சோதனை அட்டையைப் பற்றியது. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ.யைப் பற்றியதன்று. எனினும் நூறு ரூபாய் நோட்டை மாற்றத் தயங்குபவர், கட்டச் சதுரத்தின் முன் கைப்பேசியை நீட்டத் தயங்குவதில்லை என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

கையால் எழுதும்போது அந்தத் தயக்கம் சிறிது திரும்பி வருகிறது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் இல்லத்தரசிகளுக்காக ஒரு வீட்டுக் கணக்கேட்டை வெளியிட்டார். 'ககேய்போ' எனப்படும் அவ்வகை ஏடுகள் அந்நாட்டில் இன்றும் விற்கின்றன. மின்னணுக் கருவிகளில் முன்னிற்கும் நாட்டில் தாள் ஏடு நிலைத்திருப்பதை நான் அதிசயமாக எண்ணவில்லை. உங்கள் வீட்டில் பொருத்தமான கைப்பேசி இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், சமன்பாடு ஒன்றேதான். அன்றிரவே ரொக்கத்தை எண்ணி எழுதுங்கள். சட்டைப் பை, சாமி உண்டியல், பூஜை அறைத் தட்டு எல்லாவற்றையும். தொடக்க இருப்பில் வரும் சுழிப்பிழை கடைசிவரை தொடரும்.

யார் பார்க்கிறார்கள்?

குறுஞ்செய்தியைப் படிக்க இசைவு தந்தால் செயலி உங்கள் வங்கிச் செய்தியை மட்டும் படிக்கும் என்று உறுதியில்லை. எந்த மருந்துக்கடைக்கு எத்தனை முறை போனீர்கள், எந்தத் தேதியில் கையில் காசில்லை என்பதெல்லாம் ஒரு வீட்டின் அந்தரங்கம். இதற்கு மாற்றாக, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற 'கணக்குத் தொகுப்பாளர்' முறை 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் எந்தக் கணக்கின் விவரம், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிட்டு நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். விவரம் மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதால் இடையில் நிற்கும் தொகுப்பாளரால் படிக்க முடியாது. ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். வரவு செலவுச் செயலி எதுவாயினும் அதற்கு உங்கள் யு.பி.ஐ. இரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது கணக்குப்பிள்ளை அன்று, திருடன்.

துண்டு விழுகிறது என்று காட்டிய அடுத்த கணமே "உடனடிக் கடன் வேண்டுமா?" என்று கேட்கும் செயலிகளும் உண்டு. கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. அந்த எண்களுக்கெல்லாம் அழைத்துக் கடன்காரரை அவமானப்படுத்தும் வழக்கம் பெருகியதால் வந்த விதி அது.

இன்னொன்று. அமெரிக்காவில் மிகவும் புகழ்பெற்ற வரவு செலவுச் செயலியான 'மின்ட்' 2007இல் தொடங்கி, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அதை நம்பியிருந்தவர்கள் ஏட்டைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. மாதந்தோறும் கணக்கை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாணவியின் அம்மா. கணக்கு நேரானபின் அவருடைய கணக்கையும் செயலியில் சேர்த்துவிடலாம் என்று மாணவி சொன்னபோது அவர் இசையவில்லையாம். காரணமும் சொல்லவில்லையாம். எனக்குப் புரிந்தது. நம் வீடுகளில் சிறுவாடு என்று ஒன்று உண்டு. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்துவைக்கும் பணம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எத்தனையோ வீடுகளில் அது முதன்முறையாக வெளியே வந்தது. மருத்துவமனைக்கு ஓடும் இரவிலும், பிள்ளைக்குக் கடைசி நாளில் கட்டணம் கட்டும்போதும் கைகொடுப்பது பெரும்பாலும் அந்தப் பணமே.

"எல்லையை மாற்றி வரைந்துகொள்," என்றேன் மாணவியிடம். அம்மாவின் கணக்கை அமைப்புக்கு வெளியே வைத்துவிடலாம். 'அம்மாவிடம் கொடுத்தது: 5,000' என்று ஒரே வரி. அதிலிருந்து வீட்டுக்கு அவர் திருப்பிச் செலவழித்ததாகச் சொல்வதை மட்டும் வரவில் எழுத வேண்டியது. சமன்பாடு அப்போதும் சரியாகவே வரும்.